தங்கள் சித்தம்

நம்முடைய ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளில் நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில், பரிமாறுகிறவர் எதிரே வந்து நின்று, இட்டிலி, வடை, தோசை, பூரி, பொங்கல் என்று சகஸ்ரநாமம்போல் ஒரே மூச்சில் ஒப்பித்து முடிப்பதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேறென்ன இருக்கிறது?" என்று வினவுவது நமது பரம்பரை உரிமை. இந்த உரிமையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்லவேண்டிய போஜனசாலைகள் ஜப்பான் தேசத்தில் இருக்கின்றன. அங்கே பதார்த்தங்களின் ஜாபிதா கிடையாது. இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்ற பேச்சும் கிடையாது. சமையற்காரர் வைப்பதை, அவர் வைக்கும் வரிசையில், வைத்தவுடன் உண்ணவேண்டும். இந்த முறைக்கு 'ஒமகாஸே' என்று பெயர். ஒப்படைத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. "தங்கள் சித்தம்" என்று நாம் சொன்னால் ஏறக்குறையச் சரியாயிருக்கும்.

கலியாணப் பந்தியிலும் இலையில் விழுவதைத்தானே உண்கிறோம் என்று சிலர் கேட்கலாம். பந்தியில் வேண்டாததை இலையோரத்தில் ஒதுக்கிவிடலாம். யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கேயோ, சமையற்காரர் இரண்டடி தூரத்தில் எதிரே நின்று, நாம் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

சென்ற ஆனி மாதத்தில், டோக்கியோ நகரின் கீழ்ப்பகுதியில் நிஷி-கஸாய் என்னுமிடத்தில் வசிக்கும் நம் சித்தப்பாவின் குமாரன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். நம் தேசத்தவர் பலர் குடியிருக்கும் இடம் அது, கறிவேப்பிலைக்குக்கூடக் குறைவில்லை. தம்பி நம்மை உபசரிக்கக் கருதி, ஸுமிடா நதிக்குக் கிழக்கே ஒரு சந்தில் உள்ள ஒமகாஸே ஸுஷிக் கடையில் மூன்று ஆசனங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தான். தனக்கும், தன் மனைவிக்கும், நமக்குமாக மூன்று. தலைக்கு 25,000 யென். நம் நாணயத்தில் ஏறக்குறைய 14,000 ரூபாய். அன்று காலையில் குழந்தைக்குச் சுரம் கண்டது. தாய் வீட்டைவிட்டு நகர முடியாது. ஆசனத்தை அன்றைய தினம் வேண்டாமென்றாலும் பணம் முழுவதும் கொடுத்தாகவேண்டும். மீனும் வாங்கியாகிவிட்டது, ஆசனமோ எட்டே எட்டு என்னும்போது கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

மிச்சமிருந்தவர் சித்தப்பா ஒருவரே. அவரோ பிறந்தது முதல் மீன், முட்டை முதலியவற்றைத் தொட்டறியாதவர். அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அப்பா, கடல் கடந்து வந்து என் விரதத்தை ஸுஷிக் கடையிலா முறிக்கவேண்டும்? நீங்கள் இருவரும் போய் வாருங்கள்" என்றார்.

தம்பி தயங்கித் தயங்கித் தொலைபேசியில் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னான். அன்றைக்கு வந்து அன்றைக்கே இப்படிக் கேட்பது அந்நாட்டில் பெரிய அநாகரிகம். பல கடைகளில் 'மன்னிக்கவும்' என்று முடித்துவிடுவார்கள். மறுமுனையில் வெகுநேரம் மௌனம். பிறகு மூன்று கேள்விகள் வந்தன. வெங்காயம், பூண்டு சாப்பிடுவாரா? மீனைக் காய்ச்சிய சாறும் ஆகாதா? அடுத்தவருக்கு மீன் நறுக்கும் பலகைக்கு எதிரில் உட்காரச் சம்மதிப்பாரா?

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் சித்தப்பா சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். "இவ்வளவு விசாரிக்கிற மனிதனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வருகிறேன் என்று சொல்" என்றார்.

நிற்க. நாம் பிரயாணம் புறப்படுமுன் ஸுஷியைப் பற்றி நாலைந்து புத்தகங்களைப் புரட்டியிருந்தோம். கற்றதை ஒருவரிடம் கொட்டாமல் இருப்பது பெருங்கஷ்டம். ரயிலில் சித்தப்பா அகப்பட்டுக்கொண்டார்.

ஸுஷி என்றால் பச்சை மீன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காடி கலந்த சோற்றுக்கே அப்பெயர் உரியது. ஆதியில் தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையும் நதிக்கரைகளில் மீனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்தார்கள். பிறகு சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்டார்கள். ஜப்பானில் பிவா ஏரிப் பக்கத்தில் இன்றும் அந்தப் பழைய முறையில் செய்கிறார்கள். காலப்போக்கில் சோற்றை எறிய மனமில்லாமல் அதையும் சேர்த்து உண்ணலானார்கள். புளிக்கும் வரையில் காத்திருக்கவும் பொறுமையின்றி, சோற்றில் காடியை ஊற்றலானார்கள். ஹண்டா என்ற ஊரில் நகானோ மதாஸயேமோன் என்பவர் 1804-ஆம் ஆண்டில் ஸாகே மதுவை வடித்த சக்கையிலிருந்து காடி இறக்கும் தொழிலைத் தொடங்கினார். அந்தச் சிவந்த காடி, டோக்கியோவின் பழம்பெயரான எடோ நகருக்கு ஏராளமாக வந்தது. 1820-களில் ஹனாயா யோஹெய் என்பவர் அங்கே சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீனை அழுத்தி விற்றுப் புகழ் பெற்றார். இன்று பதினாலாயிரம் ரூபாய் கேட்கும் இந்தப் பண்டம், அன்று தெருவோரத்தில் நின்றபடி தின்றுவிட்டு ஓடும் தின்பண்டமாயிருந்தது.

"மதுச் சக்கையிலிருந்தா காடி?" என்று சித்தப்பா நடுவில் கேட்டார். ஆமென்றோம். "புளித்துக் காடியான பிறகு அது மது அல்லவே. போகட்டும்" என்று தமக்குத்தாமே தீர்ப்பளித்துக்கொண்டார்.

யுத்தத்திற்குப் பின் பஞ்சம் வந்தபோது, 1947-இல் போஜனசாலைகளை மூடும்படி சட்டம் பிறந்தது. ஸுஷிக்காரர்கள், "நாங்கள் உணவு விற்பவர்கள் அல்லர், வாடிக்கைக்காரர் கொண்டுவரும் அரிசியை ஸுஷியாக மாற்றிக் கொடுக்கும் கூலிக்காரர்கள்" என்று சாதித்து அனுமதி பெற்றார்கள். ஒரு 'கோ' அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுபோய்க் கொடுத்துக் கூலியும் கொடுத்தால் 10 துண்டு. மாவு மில்லில் கூலிக்கு அரைத்துக் கொடுப்பது மாதிரிதான்! இதைக் கேட்டுச் சித்தப்பா சிரித்தார். அன்று மாலையில் அவர் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு நீலத் திரைச்சீலை தொங்கிற்று. உள்ளே ஒரே மரத்தில் இழைத்த நீண்ட பலகையும், அதற்கு முன்னால் எட்டு ஆசனங்களும் இருந்தன. பலகைக்கு அப்பால் வெள்ளையுடையில் சமையற்காரர் நின்றார். ஜப்பானியர் அவரை 'இதமாயே' என்கிறார்கள். பலகைக்கு முன்னால் நிற்பவர் என்று பொருள். அவருக்குப் பின்னால் இருபது வயதுக்கு மேற்படாத ஒரு பையன், கைக்குட்டையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான்.

சித்தப்பாவுக்குக் கோடியிலிருந்த ஆசனத்தைக் கொடுத்தார்கள். அவருக்கென்று தனியாக ஒரு சிறு பலகை, தனியாக ஒரு கத்தி, தனியாக ஒரு கிண்ணத்தில் ஷோயு என்னும் சோயாச் சாறு எல்லாம் வைத்திருந்ததை நாம் கண்டோம். வஸாபி என்று ஒரு கிழங்கு இருக்கிறது. ஓடும் நீரோடைகளில் வளர்வது. கடுகைப்போல் சுரீரென்று மூக்கில் ஏறுவது. அதைத் துருவுவதற்குச் சிறந்தது சுறாமீனின் தோலை ஒட்டிய பலகை என்பது அவர்கள் கொள்கை. நமக்கு அதில் துருவினார். சித்தப்பாவுக்குத் துருவும் முறை வந்தபோது, சுறாத்தோலை அப்பால் தள்ளிவிட்டு, மங்கு ஓட்டினால் ஆன ஒரு துருவலை எடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் நமக்கு வந்தது கணவாய். மேலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இழைத்து, ஒரு சொட்டு எலுமிச்சை இனத்துச் சாறும் உப்பும் இட்டிருந்தார். சோறு உடம்பின் சூட்டிலேயே இருந்தது. உருண்டையைக் கையில் எடுத்தால் உதிராது. வாயில் வைத்ததும் தானே கலைந்துவிடுகிறது. பருக்கைகளுக்கு நடுவில் காற்றை விட்டுப் பிடிக்கும் இந்த வித்தையைக் கற்கத்தான் வருஷக்கணக்கில் பிடிக்கிறதாம்.

அதே வேளையில் சித்தப்பாவின் முன்னால் வந்ததைக் கண்டு அவர் திடுக்கிட்டார். வெண்டைக்காய்! பச்சை நிறம் மாறாமல் வெந்நீரில் காட்டியெடுத்து, நீளவாக்கில் பிளந்து, சோற்றின்மேல் படுக்க வைத்திருந்தார்.

"வழவழப்புப் போகும்வரை வதக்கவில்லையே!" என்று நம்மிடம் ரகசியமாகச் சொன்னார்.

தம்பி இதை மொழிபெயர்த்துவிட்டான். சமையற்காரர் முகம் மலர்ந்தது. நாம் எந்த வழவழப்பைப் போக்குவதற்காக வாணலியோடு போராடுகிறோமோ, அதையே விரும்பித் தேடி உண்கிறவர்கள் ஜப்பானியர். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தட்டைச் சற்று முன்னால் நகர்த்தினார்.

நமக்குப் பாரை இனத்து மீன் ஒன்று, இஞ்சி விழுதோடு. அவருக்கு 'மியோகா' என்ற இஞ்சியினத்து மொட்டு, காடியில் ஊறி இளஞ்சிவப்பாக. நமக்கு நெய்ப்புள்ள சூரைமீன், ஷோயுவில் ஊறியது. எடோ காலத்தில் இந்த நெய்ப்புள்ள பாகத்தைக் கழித்து எறிந்தார்கள் என்பதை எண்ணினால் வியப்பாயிருக்கிறது. அவருக்குக் கத்தரிக்காய். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயிலும் புகையிலும் வாட்டுவது, வரிச்சூரை மீனுக்கு டோஸா நாட்டில் செய்யும் பக்குவம். இவர் அதே வைக்கோற் புகையைக் கத்தரிக்காய்க்குக் காட்டியிருந்தார். நம் வீட்டு அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைப்பவர்களுக்கு அந்த வாசனை அந்நியமானதல்ல. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீனைப்போல் தோன்றும்படி ஏதாவது செய்து ஏமாற்றுவாரோ என்று பயந்தேன். இவர் அப்படிச் செய்யவில்லை. கத்தரிக்காயைக் கத்தரிக்காயாகவே வைக்கிறார்" என்றார்.

இதில் புதுமை இருக்கிறதே தவிர, அடியோடு நூதனம் என்று சொல்வதற்கில்லை. ஜப்பானில் 675-ஆம் ஆண்டிலேயே டெம்மு சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் மாமிசத்தை வருஷத்தில் பாதி மாதங்களுக்கு விலக்கினார். நம் நாட்டில் பிறந்த பௌத்தம் அங்கே போனதன் பலன் அது. மடாலயங்களில் மீனும் இல்லாத சைவ சமையல் வளர்ந்தது. டோகென் என்ற துறவி, மடப்பள்ளிக்காரர் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றி 1237-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். சித்தப்பா உடனே காஞ்சிபுரத்தையும் போதிதருமரையும் பற்றி ஆரம்பித்தார். இரவு பத்து மணிக்குள் முடியாது என்று அஞ்சி நாம் பேச்சை மாற்றினோம்.

மடாலயத்துச் சமையலுக்கும் ஸுஷிக்கும் நடுவில் உள்ள கஷ்டம் சாறுதான். ஜப்பானியர் சமையலில் எதைத் தொட்டாலும் அடியில் 'தாஷி' என்ற சாறு இருக்கும். வரிச்சூரையைப் புகையூட்டி உலர்த்திய கருவாட்டைச் சீவிப் போட்டு இறக்குவது அது. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசி என்று வழங்குவதற்கு நெருங்கிய உறவு. அதை விட்டால் 'கொம்பு' என்ற கடற்பாசி. பெயர்தான் கொம்பு, அகன்ற கறுத்த பட்டைபோல் இருக்கும். இந்தக் கொம்புச் சாற்றின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் இகேடா கிகுனாயே என்ற ரஸாயன ஆசிரியர் 1908-இல் குளூட்டமேட் என்ற பொருளைக் கண்டார். அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். உலர்ந்த ஷிதாகே காளானிலும் இதற்குத் துணையாகும் வேறொரு பொருள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ருசி பலமடங்கு பெருகும். ஆகவே மீனில்லாமலே நல்ல சாறு இறக்க முடியும். காலையில் தொலைபேசி வந்ததும் நம் சமையற்காரர் செய்த முதல் காரியம், கொம்பையும் காளானையும் தண்ணீரில் ஊறப் போட்டதுதானாம்.

பாதி போஜனம் ஆனபின் கிண்ணங்களில் சூப்பு வந்தது. நமக்குச் சிவந்த மிஸோச் சூப்பு, மாசிச் சாற்றில். சித்தப்பாவுக்கும் மிஸோச் சூப்பே, கொம்புச் சாற்றில். இரண்டு கிண்ணமும் ஒரே நிறம், ஒரே வடிவம். பையன் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பின்வாங்கினான். சித்தப்பா கிண்ணத்தை இரு கையாலும் எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டார்.

அப்போது சமையற்காரர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பலகைக்கு மேலாகக் கையை நீட்டி ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கடை முழுவதும் நிசப்தமாகிவிட்டது. கிண்ணத்தைச் சித்தப்பாவின் கையிலிருந்து தாமே வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இரண்டு பாத்திரங்களுக்கும் பையன் ஒரே அகப்பையைப் பயன்படுத்திவிட்டான். நம் பாத்திரத்தில் தோய்த்த அகப்பை, துடைக்காமல் அடுத்ததில் போயிற்று. அவ்வளவுதான். ஒரு துளி இருக்கலாம். குடித்திருந்தால் சித்தப்பாவுக்கு ஒருநாளும் தெரிந்திராது, நமக்கும் தெரிந்திராது. சொல்லாமலே சூப்பை மட்டும் மாற்றி வைத்திருக்கலாம். சமையற்காரர் பாத்திரம் முழுவதையும் தொட்டியில் கொட்டச் செய்தார். பிறகு சித்தப்பாவின் முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, "கொம்பு ஊறுவதற்கு இனி நேரமில்லை. இன்று தங்களுக்குச் சூப்பு என்னால் தர இயலவில்லை" என்றார். தம்பியின் குரல், அதை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் கம்மிற்று.

சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. அதுவரையில் அவர் ஒவ்வொரு துண்டையும் வாயில் வைக்குமுன், "இதில் என்ன இருக்கிறது, கேள்" என்று தம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஒன்றைப் பற்றியும் கேட்கவில்லை. வைத்ததை எடுத்து உண்டார்.

கூட்டம் சற்றுத் தளர்ந்ததும் நாம் சமையற்காரரிடம், பழைய முறையில் தேர்ந்தவர் இந்தப் புதுமைகளில் இறங்கியதேன் என்று கேட்டோம். "கடல் மாறிக்கொண்டிருக்கிறது, கடை மாறாமல் இருக்க முடியுமா?" என்றார். நாம் படித்ததும் அதற்குப் பொருந்தியிருந்தது. 2019 ஜனவரியில், டோக்கியோவின் டொயோஸு மீன் சந்தையில் புத்தாண்டின் முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரைமீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போயிற்று! ஜப்பானிய விலாங்கு அழியும் நிலையில் உள்ளது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2014-இல் அறிவித்தது. பசிபிக் சமுத்திரத்து நீலத்துடுப்புச் சூரையின் கதியும் அப்படித்தான் இருந்தது. மனிதன் பிடிக்காமல் விட்டிருந்தால் இருக்கக்கூடிய தாய்மீன் திரளில் நூற்றில் மூன்று பங்குகூட ஒரு சமயம் மிஞ்சவில்லை. தேசங்கள் கூடிப் பேசிப் பிடிப்பைக் குறைத்ததன் பயனாக 2022-இல் அது நூற்றுக்கு 23 பங்காக ஏறியிருக்கிறது. கட்டுப்பாடு வீண்போகாது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டாம். நம் சமையற்காரர் விலாங்கை விட்டுவிட்டார். சூரையை ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்கிறார். சந்தையில் விலைபோகாத சிறு மீன்களையும் காய்களையும் கொண்டு மீதியை நிரப்புகிறார்.

பச்சை மீனைத் தின்று வியாதி வராதா என்று நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சில மீன்களில் ஒருவகைப் புழு உண்டு. பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரில் 24 மணி நேரம் உறைய வைத்தால் அது சாகும். சமையற்காரரும் கண்ணால் ஒவ்வொரு துண்டையும் சோதிக்கிறார். நமக்கு ஒன்றும் நேரவில்லை.

கடைசியாக இருவருக்கும் ஒரே பதார்த்தம் வந்தது. 'நோரி' என்ற கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவில் பழுப்பு நிறமாக ஏதோ நாடாப்போல் வைத்து உருட்டி நறுக்கியது. எடோ வழக்கப்படி போஜனத்தை முடித்துவைக்கும் சுருள் அது. இனிப்பும் உவர்ப்புமாக, மென்றால் இழுத்துக் கொடுத்தது. சித்தப்பா இரண்டாவது துண்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

"இது சுரைக்காய் அல்லவா?"

சுரைக்காயேதான்! 'கம்பியோ' என்று பெயர். சுரைக்காயை ரிப்பன்போல் நீளமாகச் சீவி வெயிலில் உலர்த்திய வற்றல். டொரி டடாடெரு என்ற பிரபு 1712-இல் மினகுச்சியிலிருந்து மிபு என்னும் ஊருக்கு மாற்றலாகி வந்தபோது, அதன் சாகுபடியைத் தம்மோடு கொண்டுவந்தாராம். மிபு இருக்கும் டொச்சிகி நாட்டில்தான் இன்றும் ஜப்பானின் கம்பியோ ஏறக்குறைய முழுவதும் விளைகிறது. இவ்வளவும் நமக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் சொல்லியும் இருந்தோம். ஆனால் சுருள் எதிரில் வந்து, வாயிலும் போய், அது இன்னதென்று நாம் அடையாளம் காணவில்லை.

சித்தப்பா நம் பக்கம் திரும்பி, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?" என்றார். தம்பி இதைச் சமையற்காரருக்கு மொழிபெயர்க்கப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. விளங்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய் ஒரு கட்டு உலர்ந்த கம்பியோவைக் கொண்டுவந்து காட்டினார். சித்தப்பா அதை முகர்ந்து பார்த்து, எத்தனை நாள் வெயில், பிஞ்சா முற்றலா என்று விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு பேரும் அரைமணி நேரம் சுரைக்காயைப் பற்றியே பேசினார்கள்.

புறப்படும்போது சித்தப்பா தம்பியை ஒரு பக்கமாக அழைத்து, "அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்" என்றார். தம்பி போய்ச் சொன்னான். சமையற்காரர் தலையை அசைத்தார்.

"இரண்டு பாத்திரத்தை வைத்துவிட்டு ஒரே அகப்பையை எடுத்துக் கொடுத்தவன் நான். அவன் பேரில் குற்றமில்லை."

வெளியே மழை விடவில்லை. பையன் ஒரு பெரிய குடையோடு சந்தின் முனை வரையில் கூட வந்தான். நாம் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவன் குனிந்த தலை நிமிராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். சித்தப்பா தம் குடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, மழையில் நின்று, அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.